புளி போட்டுத் துலக்கிய கார்

பானெட்டின் மேல் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது.

வாளியைக் கவிழ்த்த அந்த நொடியில் அது ஒரு கறுப்புக் குளம். அதற்குள் வாசல் வேப்பமரம் தலைகீழாக நின்றது. கிளைகளுக்கு நடுவே மாசி மாதத்து வானம் துண்டு துண்டாக மிதந்தது. பிறகு வெயில் பட்டது. குளம் கரையிலிருந்து உள்நோக்கிச் சுருங்க ஆரம்பித்தது. சுருங்கின இடமெல்லாம் மரமும் இல்லை, வானமும் இல்லை. கரும்பலகையை வெறுங்கையால் அழித்த மாதிரி ஒரு வெளுப்பு.

அக்கா தேங்காய் நாரும் கையுமாக நின்றிருந்தாள். அவள் முகத்துச் சிரிப்பும் கிட்டத்தட்ட அதே வேகத்தில்தான் காய்ந்தது.

"டேய், இன்னாடா இது? ஈரமா இருக்கசொல்ல நல்லாத்தானேடா இருந்துச்சு?"

நான் பதில் சொல்வதற்குள் இன்னொரு சொம்புத் தண்ணீரை ஊற்றினாள். மரம் திரும்பி வந்தது. வானம் திரும்பி வந்தது. அக்காவுக்கு உயிரும் திரும்பி வந்தது.

"பாத்தியா? ஒண்ணுமில்ல. அழுக்குதான்."

மறுபடி காய்ந்தது. மறுபடி ஊற்றினாள்.

"நாள் பூரா ஊத்திக்கினே இருக்க முடியுமாக்கா?" என்றேன்.

"அவரு எந்திரிச்சு கோயிலுக்கு ஓட்டிக்கினு போறவரைக்கும் ஊத்துனா போதாதா?" என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை. அழுகிற குரல் அது.

போன வாரம் இந்தப் பத்தியைப் பட்டறையோடு நிறுத்தியிருந்தேன். தாம்பரம் பக்கம் பஸ் பாடி கட்டும் இடத்தில் என் அப்ரன்டிஸ் காலம் முடிந்து, டிப்ளமோ சர்டிபிகேட்டும் பெயின்ட் வாசனையுமாக மண்ணூரில் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன் அல்லவா, அதற்கு அடுத்த கதை இது. தொண்ணூற்றொன்றாம் வருஷத்துத் தொடக்கம். தேதி கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை என்பது மட்டும் நிச்சயம். ஏனென்றால் எதிர்வீட்டு ஆரோக்கியம்மா காலைப் பூசை முடிந்து, தலையில் போட்ட முக்காட்டை இன்னும் எடுக்காமல் வந்துகொண்டிருந்தார். காரைப் பார்த்ததும் நின்றார்.

"இன்னாடி கற்பகம், காரைத் தூக்கி அடுப்புல வச்சு எறக்கினியா?"

அந்தக் குரலுக்குத்தான் மாமா எழுந்து வெளியே வந்தார்.

லாரியை மறந்த வீடு

மாமா என்றால் என் அக்கா கற்பகத்தின் வீட்டுக்காரர், முருகேசன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் லாரி ஓட்டினார். நாக்பூர், ராய்ப்பூர் என்று போனால் திரும்பி வர எத்தனை நாள் ஆகுமென்று அவருக்கே தெரியாது. அக்கா சமைத்தால் அளவு தெரியாமல் சமைப்பாள். அவர் வந்துவிட்டால் வேண்டுமே என்று ஒரு பிடி அரிசி கூடப் போடுவாள். அது மறுநாள் பழையதாகும்.

அந்தப் பொங்கலுக்குக் கொஞ்சம் முன்புதான் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் மேனேஜருக்கு டிரைவராகச் சேர்ந்தார். மேனேஜர் தங்கியிருந்த கெஸ்ட் ஹவுஸில் ஷெட் கிடையாது. காலையில் சீக்கிரம் கிளம்புகிறவர். அதனால் ராத்திரி கார் எங்கள் வாசலில்தான் நிற்கும். புத்தம் புது கறுப்பு அம்பாசடர். சாயங்காலம் தெரு முனையில் அது திரும்பினால், அக்கா உலையில் அரிசியைப் போடுவாள். அளந்து போடுவாள்.

ஆக, அக்காவுக்கு அந்தக் கார் கம்பெனிக் கார் இல்லை. புருஷனைத் தினமும் வீட்டுக்குக் கூட்டி வருகிற தெய்வம்.

அந்த வார இறுதியில் மேனேஜர் பம்பாய்க்குப் பறந்திருந்தார். "வண்டிக்கு இன்னும் பூஜை போடலியே முருகேசன். ஞாயித்துக்கிழமை எதாவது கோயில்ல போட்டுடு. திங்கக்கிழமை காலைல ஏர்போர்ட்டுக்கு வந்துடு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பூஜை என்று அக்கா காதில் விழுந்தது. பூஜைக்குப் போகிற பொருளை நம் வீடுகளில் என்ன செய்வோம்? வெள்ளிக்கிழமை குத்துவிளக்கை என்ன செய்வாளோ அதையே செய்தாள். விடிவதற்குள் எழுந்தாள். புளியைக் கரைத்தாள். அடுப்புச் சாம்பலைச் சலித்தாள். தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு, பானெட்டிலிருந்து ஆரம்பித்து, முன்சக்கரங்களின் மேலுள்ள இரண்டு பக்க மட்கார்டும் முடித்து, டிரைவர் பக்கக் கதவில் பாதி வரைக்கும் பக்தியோடு துலக்கிவிட்டாள். பானெட் ஓரத்தில் குங்குமப் பொட்டும் வைத்துவிட்டாள்.

மாமா லுங்கியை மடித்துக் கட்டியபடி காரைச் சுற்றி வந்தார். ஒருமுறை. பிறகு எதிர்ப்பக்கமாக ஒருமுறை.

"யாரு பண்ணது?"

நார் அக்கா கையில்தான் இருந்தது.

"நாளைக்கு அந்த ஆளு வந்து பாப்பாரு. சாவியக் குடுன்னுவாரு. குடுத்துட்டு லாரிக்கே போறேன். போய்த் தொலையறேன். நீ வெளக்கத் தேச்சிக்கினு நிம்மதியா இரு."

சத்தமே போடாமல் சொன்னார். அதற்கப்புறம் சாயங்காலம் வரைக்கும் அவர் அக்காவோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

வெளிச்சம் வழி தவறும் இடம்

இந்த இடத்தில் கொஞ்சம் ஒதுங்கிப் போய்வருகிறேன். எனக்குப் பிடித்த விஷயம், விடமாட்டேன்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய வெளிநாட்டு கார்ப் பத்திரிகைகள் கட்டுக் கட்டாக வரும். அதில் ஒன்றில் ஒரு படம் பார்த்தேன். ஒரு மனிதர் காரின் கதவுக்கு முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். கதவுக்குள் அவர் உட்கார்ந்திருக்கிறார். எது மனிதர், எது கதவு என்று எனக்குக் கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. அன்றைக்கு பஸ்ஸைத் தவறவிட்டேன். அன்றிலிருந்து பெயின்ட் பைத்தியம்.

மினுக்கம் என்று ஒரு பொருள் தனியாகக் கிடையாது. வெளிச்சம் வந்து விழுகிறது. விழுந்த இடம் சமமாக இருந்தால் ஒழுங்காகத் திரும்பிப் போகிறது. நம் முகத்தையும் கையோடு கொண்டுபோகிறது. கீறல் இருந்தால் வெளிச்சம் அந்தப் பள்ளத்தில் கால் இடறி, ஆளுக்கொரு திசையில் சிதறிவிடும். அந்தச் சிதறலைத்தான் நாம் மங்கல் என்கிறோம். தண்ணீர் ஊற்றினால் பள்ளம் நிரம்புகிறது, வெளிச்சத்துக்குப் பாதை கிடைக்கிறது. காய்ந்தால் போச்சு. அக்காவின் சொம்பு செய்தது அதைத்தான்.

பித்தளையின் சங்கதி வேறு. களிம்பைப் புளி தின்றுவிடும். சாம்பல் தேய்க்கத் தேய்க்க உள்ளே ஒளிந்திருக்கிற மஞ்சள் வெளியே வரும். எத்தனை கீறினாலும் அது மஞ்சள்தான். பெயின்ட்டுக்குத் தோல்தான் எல்லாம். அதற்குள் தேடினால் வருவது அடிப்பூச்சான சிவப்பு ப்ரைமர், அதற்கும் கீழே தகரம்.

அக்காவும் நானும் சின்ன வயதில் துலக்கிய குடத்துக்கு முன் உட்கார்ந்து முகம் பார்ப்போம். கன்னம் பூசணியாகும், மூக்கு கத்தரிக்காயாகும். "அதுக்குள்ள ஒரு ஊரு கீதுடா. அங்க எல்லாரும் குண்டு" என்பாள். மினுக்கத்தின் மேல் ஆசை எனக்கு முதலில் தொற்றியது பத்திரிகையிலிருந்து இல்லை என்று இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது.

சரி, வாசலுக்கு வருவோம்.

கீறல் மேல் நகத்தை வைத்து மெதுவாக இழுத்தேன். நகம் எங்கேயும் மாட்டவில்லை. நார் மேலாகத்தான் கீறியிருக்கிறது. எனக்குள் ஒரு பட்டாசு வெடித்தது.

"மாமா, எடுத்துடலாம்!"

"இன்னாத்த எடுப்ப? என் மானத்தையா?"

"கீறலை. சாயங்காலத்துக்குள்ள எடுத்துடலாம்."

"நீ பஸ்ஸுக்கு அடிச்சவன் மச்சான். பஸ்ல யாரும் மூஞ்சி பாக்க மாட்டான்."

ஆனாலும் சாவியை எடுத்து, காரை நகர்த்தி மரத்தின் முழு நிழலில் நிறுத்தினார். சூடான பெயின்ட்டில் கை வைக்கக் கூடாது என்று நான் சொன்னதைக் கேட்டுத்தான்.

சிலேட்டு

என் பெட்டியில் மிக நைசான வாட்டர் பேப்பர் கொஞ்சம் இருந்தது. பேருக்குத்தான் பேப்பர், தண்ணீரில் ஊறவைத்துத் தேய்க்கிற உப்புத்தாள். மெருகேற்றுகிற காம்பவுண்ட் ஒரு டப்பாவில் முக்கால்வாசி இருந்தது. காம்பவுண்ட் என்பது கையில் எடுத்தால் வெண்ணெய், விரலிடுக்கில் உருட்டினால் மாவு மாதிரி மணல். பேப்பரைச் சுற்றிப் பிடிக்கச் சமமான கட்டை வேண்டும். மாமாவின் பழைய ஹவாய் செருப்பின் குதிகாலை அறுத்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். தடுக்கவில்லை.

தத்துவம் எளிது. பள்ளத்தை நிரப்ப முடியாது. ஆகவே பள்ளத்தைச் சுற்றியிருக்கும் மேட்டை, பள்ளத்தின் அளவுக்கு இறக்க வேண்டும். அதாவது, கீறலை எடுக்க முழு இடத்தையும் கீற வேண்டும். இன்னும் பொடியாக, இன்னும் ஒழுங்காக, ஒரே திசையில்.

இதைச் சொல்லாமல் ஆரம்பித்ததுதான் வம்பாகிவிட்டது. சோப்புத் தண்ணீர் விட்டு பானெட் முழுக்க ஒரு சுற்று தேய்த்துத் துடைத்ததும், இருந்த கொஞ்ச நஞ்ச மினுக்கமும் போய், கார் பள்ளிக்கூடச் சிலேட்டு ஆகிவிட்டது.

"டேய்!" என்று மாமா எழுந்தார். "அவ பாதி கெடுத்தா. நீ மீதியும் கெடுத்துட்ட! அக்கா தம்பி ரெண்டு பேரும் கூடிப் பேசி வச்சிகினீங்களா?"

"இது இப்படித்தான் மாமா ஆகும். அப்புறம் வரும்."

"எப்போ? நான் ராய்ப்பூர் போய்ச் சேர்ந்தப்புறமா?"

ஆரோக்கியம்மா தன் வாசற்படியிலிருந்து, "அட, எழுதப் படிக்கவாவது ஆகும் விடுப்பா" என்றார்.

எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. அம்பாசடர் பானெட்டின் நடுவில் மேடாக ஒரு முதுகு இருக்கும். முதுகின் மேல் பெயின்ட் எப்போதும் மெல்லிசு. கை ஒரு தடவை கூடப் போனால் கறுப்பு தீர்ந்து சிவப்பு எட்டிப் பார்க்கும். அப்புறம் எந்தப் பாலிஷும் காப்பாற்றாது. வழிகிற தண்ணீரின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கறுப்பாக வழியும்வரை பிழைத்தோம்.

"தண்ணி செவப்பா வந்தா உடனே சொல்லுங்க" என்று மாமாவிடம் சொல்லிவிட்டு இரண்டாவது சுற்றை ஆரம்பித்தேன். அவர் குனிந்து, நம்பர் பிளேட்டுக்கு மேல் வழிகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அந்தப் பக்கம் நின்று சொம்பில் ஊற்றினாள். இரண்டு பேருக்கும் நடுவில் நான். தேய்க்கிற சத்தம் மட்டும், யாரோ தூக்கத்தில் மூச்சு விடுகிற மாதிரி. பழுத்த வேப்பிலை ஒன்று சுற்றிச் சுற்றி வந்து பானெட்டில் இறங்கியது. அக்கா அதை இரண்டு விரலால், இழுக்காமல், தூக்கினாள்.

"செவப்பு!" என்று கத்தினார் மாமா. "செவப்பு வருது! நிறுத்துடா!"

கை அப்படியே நின்றது. பானெட் ஓரத்து இடுக்கிலிருந்து சன்னமாக ஒரு சிவப்புக் கோடு இறங்கி வந்துகொண்டிருந்தது. குனிந்து விரலில் தொட்டு முகர்ந்தேன்.

மஞ்சள் வாசனை.

"குங்குமம் மாமா. அக்கா வச்ச பொட்டு, இடுக்குல தங்கி இப்பதான் கரைஞ்சு வருது."

மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

தெருவின் பேஸ்ட்

மட்கார்டையும் கதவையும் அதே மாதிரி தேய்த்து முடித்து, காம்பவுண்டைப் பழைய வேட்டித் துணியில் தொட்டு, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க ஆரம்பித்தபோது நிழல் காரை விட்டு நகர்ந்திருந்தது. மாமா வண்டியை மறுபடி நிழலுக்கு நகர்த்தினார். அவரும் ஒரு துணி எடுத்துக்கொண்டார். கேட்காமலேயே அக்காவும் எடுத்துக்கொண்டாள்.

முதலில் எதுவும் தெரியாது. தோள்பட்டை எரியும். பிறகு எங்கேயோ ஒரு மூலையில், ஆழத்திலிருந்து எழும்பி வருகிற மாதிரி, ஒரு பச்சை தெரியும். அது இலை என்று புரியச் சிறிது நேரமாகும். அப்புறம் கிளை, அப்புறம் வானம். அவற்றை நாம் கொண்டுவந்து வைக்கவில்லை. அவை அங்கேயே இருந்தன, நாம் மறைப்பை விலக்கினோம் என்று தோன்றும். அன்று மத்தியானம் மண்ணூர் வானத்தில் மேகமே இல்லை. ஒரு கொக்கு ஏரிப் பக்கமிருந்து பானெட்டுக்குள் நுழைந்து, ஒரு மட்கார்டின் வளைவில் நீண்டு, மெலிந்து, வெளியேறிப் போயிற்று. நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்தோம். யாரும் நிமிர்ந்து நிஜக் கொக்கைப் பார்க்கவில்லை.

கதவுக்கு வரும்போது டப்பா காலி. சுரண்டினால்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை, கடை எதுவும் திறந்திருக்காது.

"பேஸ்ட்டு" என்றேன். "பல்லு தேய்க்கிற வெள்ளைப் பேஸ்ட்டு. அதுலயும் நைஸ் மாவுதான் இருக்கு."

அக்கா வீட்டில் பல்பொடிதான். ரோஸ் நிறப் பொடி. அந்தக் கொரகொரப்பைப் போட்டால் அவ்வளவுதான். அக்கா தெருவில் இறங்கினாள். அவள் ஒவ்வொரு வாசலிலும் நின்று, "கொஞ்சம் பேஸ்ட்டு இருக்குதா? காருக்கு" என்று கேட்பது எங்களுக்குக் கேட்டது.

"காருக்கா? எதுக்கு?" என்று ஒரு குரல்.

அதற்கு ஆரோக்கியம்மாதான் பதில் சொன்னார். "ஏன், முன்னாடி இம்மாம் பல்லு கீதே, பாக்கலியா?"

காரின் முன்பக்கத்துக் கம்பி கிரில்லைப் பார்த்து மாமாவே சிரித்துவிட்டார். உடனே நிறுத்திக்கொண்டார்.

அமுக்கிச் சுருட்டிய ட்யூப்களாக வந்தன. ஆரோக்கியம்மா, பெங்களூரிலிருக்கும் மகன் விட்டுப்போனதென்று பிரிக்காத ஒன்றையே கொடுத்தார். கதவு முழுக்க வெள்ளைப் பேஸ்ட். தெருவே வாய் கொப்பளித்த மாதிரி மணந்தது. வெயில் மஞ்சளாகும்போது கடைசித் துடைப்பு துடைத்தேன்.

அக்கா கதவுக்கு முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கதவுக்குள் அக்கா உட்கார்ந்தாள். பூசணிக் கன்னம் இல்லை, கத்தரிக்காய் மூக்கு இல்லை. களைத்துப்போன, புளி படிந்த முந்தானையோடு, அவளேதான்.

மாமா பின் கதவைத் திறந்தார். காலையிலிருந்து அக்காவிடம் பேசிய முதல் வார்த்தை.

"ஏறு."

"முன்னாடி ஏறவா?"

"பின்னாடி ஒக்காரு. சார் மாதிரி."

தெருக்கோடி அம்மன் கோயில் வரைக்கும்தான். நடந்தாலே போய்விடலாம். பூசாரி எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்துவிட்டு, குங்குமத் தட்டோடு பானெட்டைப் பார்த்து வந்தார். மாமா பாய்ந்து வந்து கையைப் பிடித்தார்.

"சாமி, கண்ணாடில வையுங்க. கண்ணாடில."

குன்றத்தூர் தாண்டி

திங்கட்கிழமை நடந்ததை மாமா சொல்லித்தான் தெரியும்.

மீனம்பாக்கத்தில் மேனேஜர் பெட்டியோடு வந்தார். காரைப் பார்த்தார். பானெட் பக்கம் குனிந்து, அதில் பார்த்துத் தலையைச் சீவிக்கொண்டார்.

"பிரமாதமா வச்சிருக்கியே முருகேசன்."

"அந்த ஒரு வார்த்த சொல்லாம இருந்திருந்தா நானும் சொல்லாமலே இருந்திருப்பேன் மச்சான்" என்றார் மாமா. "நல்லா கீதுன்னு சொன்னப்புறம் வாய் நிக்கல. புளி, சாம்பலு, செருப்பு, பேஸ்ட்டு, எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

மேனேஜர் குன்றத்தூர் தாண்டும்வரை ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தாராம். அப்புறம், "நாளைலேருந்து வண்டி ஃபேக்டரி ஷெட்லயே நிக்கட்டும். நீ பஸ்ல வந்துடு" என்றாராம்.

"வேலை, சார்?"

"வேலைக்கு என்ன? நீதானே ஓட்டணும்?"

இதையெல்லாம் மாமா எங்களிடம் சொன்னது அன்று சாயங்காலம். தெரு முனையில் கார் திரும்பவில்லை. அவர் நடந்து வந்தார். அக்கா அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். கேட்டு முடித்துவிட்டு உள்ளே போய் அரிசியைக் களைந்தாள். அளந்துதான் போட்டாள். உலை கொதித்தது. பிறகு அடுப்படியிலிருந்தே கேட்டாள்.

"அங்க யாரு தொடைப்பாங்க?"

"ஷெட்ல வாட்ச்மேன் ஒர்த்தர் கீறாரு. அவருதான்."

"எதுல?"

"இன்னா எதுல? துணிலதான். காக்கித் துணி."

"ஈரமாவா, காஞ்சா?"

மாமா என்னைப் பார்த்தார். "தூசி தட்றதுக்குத் தண்ணி இன்னாத்துக்கு?"

அக்கா கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள். "அய்யய்யோ! தூசியோட வச்சுத் தேச்சா கீறிடுமே! தண்ணி ஊத்தித் தொடைக்கச் சொல்லு. கையெழுத்துப் போட்ட மாதிரி இழுக்காம, மெதுவா. சொல்லுடா நீயாவது!"

மறுநாள் காலை மாமா பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பை கொஞ்சம் புடைப்பாக இருந்தது. திறந்து பார்த்தார். சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் அக்காவின் நீல நூல் புடவை, நாலாகக் கிழித்து, துவைத்து, மடித்து இருந்தது. ஓரத்துத் தையல் கீறும் என்று அதைப் பிரித்தே எடுத்திருந்தாள்.

மாமா டப்பாவை வெளியே எடுத்து, குழம்பு ஒழுகுகிறதா என்று அடியில் தடவிப் பார்த்தார். பிறகு அதைப் பையில் வைக்காமல் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்.